முதல் பேனலின் உள்பக்கம்

கரீம் பாட்சாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தச் சுவரைப் பார்த்தாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். சயன் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர், பேங்க் தடுப்பு, மாட்டுங்காவில் என் தங்கை கல்யாணத்தில் சமையல்காரர் வைத்திருந்த பெரிய ஃப்ரிட்ஜின் கதவு, எதுவும் தப்பாது. தட்டிவிட்டு "உள்ள காலி" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். ஒன்றும் சொல்லவில்லை என்றால் நல்ல சரக்கு என்று அர்த்தம்.

அம்பர்நாத்தில் குளிர்கிடங்குகளுக்குச் சுவர் செய்கிற கம்பெனி ஒன்றில் அவர் இருபத்திரண்டு வருஷமாக ப்ரெஸ் ஆபரேட்டர். நான் விஜயலக்ஷ்மி, ஒன்பது வருஷமாக அங்கே குவாலிட்டி இன்சார்ஜ். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். மாட்டுங்காவில் பிறந்து டோம்பிவிலியில் ஃப்ளாட் வாங்கியவள் என்பதால் எனக்குப் பாதித் தூரம்தான். அவர் தாராவியிலிருந்து வருவார். ஊரே காலையில் சிட்டிப் பக்கம் பிதுங்கிக்கொண்டு போகும்போது அவர் வண்டி எதிர்த்திசையில் காலியாக வரும்.

"இந்தப் பம்பாயில ஜன்னல் சீட்டுல உக்காந்து வேலைக்குப் போற ஆளு நான் ஒருத்தன்தான் மேடம்" என்று பெருமையடித்துக்கொள்வார். அவர் வாப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். இவர் பதினாறு வயதில் செம்பூரில் ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் சேர்ந்து, பழைய ஃப்ரிட்ஜ்களின் வயிற்றிலிருந்து நுரையைச் சுரண்டி எடுத்துத் தொழில் பழகினார். வீட்டில் மனைவி மர்யம், பார்மஸி படிக்கிற மகள் சபா. வேறு வேலை தெரியாது, வேண்டியதும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் செய்கிற சுவரில் செங்கல் கிடையாது. இரண்டு இரும்புத் தகடு, நடுவில் நாலு அங்குலம் கெட்டி நுரை. பஃப் பேனல் என்போம். கீழ்த் தகட்டைச் சூடான ப்ரெஸ்ஸில் விரித்து, நாலு பக்கமும் சட்டம் வைத்து, மேல் தகட்டை மூடி இறுக்கி, ஓரத் துளை வழியாக இரண்டு ரசாயனங்களைப் பீச்ச வேண்டும். அவை உள்ளேயே பால் மாதிரிப் பொங்கித் தகடுகளைப் பிடித்துக்கொண்டு கல்லாகிவிடும். நாற்பது நிமிஷம் ப்ரெஸ்ஸைத் திறக்கக் கூடாது. தகட்டில் எண்ணெயும் இருக்கக் கூடாது, ஈரமும் இருக்கக் கூடாது. ஈரம் பட்ட இடத்தில் ரசாயனத்திலிருந்து காற்றுக் கிளம்பி, நுரை தகட்டை விட்டுவிடும். பிறகு ஒரு நாள் அந்த இடம் உப்பிக்கொள்ளும். அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் பூரி. ப்ரெஸ்ஸுக்கு மேலே "ஈரம் ஆகாது" என்று மூன்று பாஷையில் போர்டு எழுதி மாட்டியது சாட்சாத் நான்தான்.

கரீம் பாயின் காதில் எப்போதும் தச்சர்களுடைய தட்டைப் பென்சில் ஒன்று இருக்கும். மேல் தகட்டை மூடுவதற்கு முன்னால் கீழ்த் தகட்டின் உள்பக்கத்தில் தமிழில் ஏதோ கிறுக்குவார். தேதி, சூடு, மூடின நேரம்.

"நுரை போட்டு மூடிட்டா யார் பார்க்கப்போறா பாய்? எதுக்கு எழுதறேள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சும்மா மேடம், ஒரு இதுக்குத்தான்" என்றார்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு, அதை ஆரம்பித்தவள் நான். மூன்று வருஷத்துக்கு முன் ஃபிட்டர் ஜம்புவின் கட்டை விரலைத் தகடு பாதி அறுத்துவிட்டது. அந்த ரத்தத்தைப் பார்த்ததிலிருந்து, புது ஆர்டர் எது வந்தாலும் முதல் தகட்டுக்கு நான் பூஜை போடுவேன். ப்ரெஸ்ஸில் தகட்டை விரித்ததும் மூலையில் குங்குமம் வைத்து, ப்ரெஸ்ஸின் இரும்புக் காலில் தேங்காய் உடைத்து, தகட்டின்மேல் நாலு சொட்டுத் தெளித்துவிட்டு, ஆளுக்கொரு சில்லு கொடுப்பேன். கரீம் பாயும் வாங்கிச் சாப்பிடுவார். அவர் ப்ரெஸ்ஸை மூடும்போது வாய்க்குள் பிஸ்மில்லா சொல்வார், நான் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துப் பாதுகாப்பும் ஆயிற்று என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

போன ஜூலையில் ஒரு பூஜையன்று, நான் தேங்காயை ஓங்கியபோது, "மேடம், இத வாசல்ல வச்சு ஒடச்சா என்ன?" என்று கேட்டார்.

எனக்கு என்ன வேகமோ, "நன்னா இருக்கே பாய்! உங்களுக்கு ஆகலேன்னா அந்தப் பக்கம் போய் நில்லுங்கோளேன்" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஜம்பு சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லோரும் ஒரு நிமிஷம் கரீம் பாயையே பார்த்தார்கள். "இல்ல மேடம், சும்மா கேட்டேன்" என்று அவர் தள்ளி நின்றார். நான் தேங்காயை உடைத்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

அந்த மழைக்காலத்தில் எங்களுக்கு ஏழரை பிடித்தது. ஜூனில் செய்து அனுப்பிய கிடங்கு ஒன்றில் ஒரு பேனல் பூரி. ஜூலையில் செய்ததில் ஒன்று. சத்தம் போடாமல் மாற்றிக் கொடுத்து, வந்தவற்றைக் காயலான் குவியலில் போட்டோம். ஆகஸ்டில் பிவண்டியில் ஒரு தடுப்பூசிக் கிடங்கு. கட்டி முடித்துக் குளிர்விக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் பதினேழாம் நம்பர் பேனல் உப்பிக்கொண்டது. மருந்துக்காரர்கள் இதையெல்லாம் சும்மா விடுவார்களா? பேனலைக் கழற்றி டெம்போவில் திருப்பி அனுப்பி, வியாழக்கிழமை எங்கள் என்ஜினியர் வருவார், அவர் கண்முன்னால் வெட்டிக் காரணம் காட்டுங்கள் என்று எழுதிவிட்டார்கள்.

எங்கள் ப்ளான்ட் ஹெட் நிகில், முப்பத்தொரு வயது, செம்பூர்ப் பையன். தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, ஸிம்பிள் ஹை. மூணு பேனல், மூணும் ஒரே ப்ரெஸ், ஒரே ஆபரேட்டர். ஓனர் சேட்கிட்ட சொல்லிட்டேன். வியாழக்கிழமை கட் பண்றப்போ ஃபோம் கராப், கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா பாய் அன்னைக்கே கிளம்பணும். லெட்டர் ரெடி."

"இருபத்திரண்டு வருஷம்டா நிகில்."

"அதான் ப்ராப்ளம். வயசாச்சு, சீக்கிரம் திறந்துடறார். ட்ரெயின் பிடிக்கணும்ல?"

அவன் சொன்னது எனக்கும் தோன்றியிருந்தது, மறைப்பானேன்! மூன்று பேனல்களின் நம்பர்களிலும் ஒற்றுமையே இல்லை. நாங்கள் ஒட்டுகிற நம்பர், சுவரில் அந்தப் பேனல் நிற்கப்போகிற இடத்தின் நம்பர். எதை முதலில் செய்தோம், எதைக் கடைசியில் செய்தோம் என்று அதைப் பார்த்துத் தெரியாது. அது தெரிந்தவர் ப்ரெஸ்ஸில் நிற்கிறவர் ஒருவர்தான். நான் புதன்கிழமை காலை முழுக்க ரசாயன டிரம்களுக்குப் பின்னால் நின்று, அவர் ப்ரெஸ் திறக்கிற நேரத்தை ஃபோனில் அளந்தேன். நாற்பது, நாற்பது, நாற்பத்தொன்று. நான் இல்லாதபோது முப்பதில் திறப்பாராயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் சரியாக இருப்பதும் நடிப்பாகத்தான் தெரிகிறது.

மத்தியானம் அவரே என் மேஜைக்கு வந்தார். "மேடம், அந்தப் பேனல வெட்டாண்டாம். நான் ஓவர்டைம் இல்லாம நின்னு வேற செஞ்சு குடுத்திருதேன். சார்கிட்ட சொல்லுங்க."

"வெட்டினா என்ன பாய்? உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம். வீணாத் தகடு போவுது, அதான்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவரே ஒப்புக்கொண்டால் சேட் காலில் விழுந்தாவது லெட்டரை நிறுத்தலாம் என்று, சாயங்காலம் டோம்பிவிலியில் இறங்காமல் சயன் வரைக்கும் போனேன்.

நல்ல மழை. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குள் ஒரு சந்து, இரும்பு ஏணி, மேலே அவர்கள் அறை. ஒன்பது வருஷத்தில் அன்றுதான் முதல்முறை போகிறேன். மர்யம் என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். சபா தன் புத்தகங்களை ஒதுக்கி இடம் பண்ணினாள். டீ வந்தது.

"அவுக இத்தன வருசத்துல வேலையில ஒரு பேச்சு வாங்குனதில்ல மேடம்" என்றார் மர்யம். "நாலு நாளா சோறு எறங்கல. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காக. நீங்களாச்சும் கேளுங்க."

கேட்டேன். "பாய், நிஜத்தைச் சொல்லுங்கோ. சீக்கிரம் திறந்தேளா? சொல்லிட்டா நான் பார்த்துக்கறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு வருத்தமாக யாரும் என்னைப் பார்த்ததில்லை. "நான் நாப்பதுக்கு முன்னால தொறந்ததே கெடையாது."

"அப்புறம் ஏன் வெட்ட வேண்டாங்கறேள்?"

அவர் எழுந்து குடையை எடுத்தார். ஏணி வரைக்கும் குடையோடு வந்தவர், நான் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "மேடம், நாளைக்கு வெட்டும்போது நீங்க அங்க நிக்காண்டாம். லீவு போட்டுருங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. குவாலிட்டி இன்சார்ஜை வரக்கூடாது என்று சொல்ல இவர் யார்? இனி இவருக்காக ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று கறுவிக்கொண்டே வண்டி ஏறினேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மருந்துக் கம்பெனி என்ஜினியர் வந்தார். ஐம்பது வயது மராட்டிக்காரர், பேச்சே கிடையாது, கையில் கேமரா. பதினேழாம் நம்பர் பேனலை இரண்டு முக்காலிகளின்மேல் கிடத்தியிருந்தோம். உள்ளங்கை அகலத்துக்குப் பூரி தெளிவாகத் தெரிந்தது. நிகில் கையில் ஃபைல், அதற்குள் லெட்டர். ஆபரேட்டரே வெட்டட்டும் என்று என்ஜினியர் சொல்லிவிட்டார்.

கரீம் பாய் கிரைண்டரை எடுத்தார். பூரி இருந்த பக்கத்தை விட்டுவிட்டு எதிர்க் கோடியில் பிளேடை வைத்தார்.

"பாய், உதர் நஹி. இதர்" என்று பூரியைக் காட்டினான் நிகில்.

அவர் நகரவில்லை. இரண்டாவது தடவை நிகில் கத்தினான். அப்புறம்தான் வந்தார். தீப்பொறி பறக்கத் தகட்டை மூன்று பக்கம் வெட்டினார். அவர் கையில் கிரைண்டர் எகிறி அன்றுதான் பார்த்தேன். ஷெட்டில் மற்ற வேலை எல்லாம் நின்றுவிட்டது, ஜம்பு தூரத்தில் ஃபோர்க்லிஃப்டின்மேல் ஏறி நின்று பார்த்தான்.

ஜன்னல் கதவு மாதிரித் தகட்டைத் திறந்தார்கள். நுரை முழுக்க நல்ல நுரை, மஞ்சளாக, இறுக்கமாக, நாற்பது நிமிஷமும் வெந்த நுரை. பூரி இருந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம், சுற்றிலும் சின்னச் சின்னக் கண். தகட்டின் உள்பக்கத்தில் அந்தப் பள்ளத்துக்கு நேராக, வெளிறின சிவப்பில் ஒரு கறை. பக்கத்தில் பென்சில் எழுத்து, நாலு வரி.

அந்தச் சிவப்பு என் குங்குமம்.

"யே க்யா லிக்கா ஹை?" என்றான் நிகில், அந்த எழுத்தைக் காட்டி.

"டெம்பரேச்சர் சார்" என்றார் கரீம் பாய் உடனே. "எப்பவும் எழுதுவேன்லா, அதுதான்."

என்ஜினியர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். "விஜி மேடம், நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றான் நிகில். அந்த இடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எழுதினவரும் நானும்தான். ஜம்புகூட ஹிந்தி ஸ்கூல்.

குனிந்தேன்.

"தேங்காத் தண்ணி. ரெண்டு தடவ தொடச்சேன். மழைக்குக் காயல. குங்குமம் வச்ச தகடு, தூக்கிப் போட முடியாது. சொல்லவும் முடியாது. கரீம். 3/8."

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மூன்று ஆர்டர், மூன்று முதல் தகடு, மூன்று தேங்காய். வெயில் காலத்தில் ப்ரெஸ் சூட்டில் தானாகக் காய்ந்திருக்கிறது. அதுவும் போதாமல், நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மூன்று வருஷமாக இந்த மனுஷன் துடைத்துத் துடைத்து மூடியிருக்கிறார். அந்த வருஷத்து அடைமழைக்குத்தான் அது எடுபடவில்லை. ஈரம் ஆகாது என்று போர்டு எழுதின என் புத்திக்கு, அந்த நாலு சொட்டு ஈரம் என்று தோன்றவே இல்லை. பூஜையில் தெளிப்பதை யார் தண்ணீர் என்று நினைக்கிறார்கள்! நினைத்தவர் ஒருவர். அவர் வாய் திறந்தபோது நான் சொன்ன பதிலும், எல்லோரும் சிரித்த சிரிப்பும், அதற்குப் பிறகு பார்த்த பார்வையும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன. பூஜையால் பேனல் கெட்டது என்று கரீம் பாட்சா என்கிற பேர் உள்ளவர் அந்த ஷெட்டில் நின்று எப்படிச் சொல்வார்? வேலை போவதோடு அது முடிந்திருக்குமா?

தலை நிமிர்ந்தால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை, கோபமும் இல்லை. மெல்லத் தலையை அசைத்தார். டெம்பரேச்சர் என்று சொல்லிவிட்டுப் போ என்று அர்த்தம். நேற்று லீவு போடச் சொன்னதும் இதற்காகத்தான். லெட்டரை வாங்கிக்கொண்டு போக மனுஷன் தயாராக வந்திருந்தார்.

"டெம்பரேச்சர் ஹி ஹை நா?" என்றார் என்ஜினியர். டெம்பரேச்சர்தானே?

ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் என் ஒன்பது வருஷமும் பத்திரம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊரில் எத்தனை நடக்கிறது, இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். எனக்கு அந்த ஆசை வந்தது. மறுபடி குனிந்து அந்த நாலு வரியையும் பார்த்தேன்.

"மேடம்" என்றார் கரீம் பாய், ரொம்பத் தணிந்த குரலில். "சொல்லிருங்க."

சொன்னேன். தமிழில் நாலு வரியையும் சத்தமாக வாசித்தேன், பிறகு ஹிந்தியில். வாசித்து முடித்து, "உடைச்சவ நான், தெளிச்சவ நான், இவர் ஜூலையிலேயே கேட்டார், வாயை மூடினவளும் நான்" என்று அதையும் ஹிந்தியில் சொன்னேன்.

"நாரளாச பாணி?" என்றார் என்ஜினியர், மராட்டியில். தேங்காய்த் தண்ணியா? வேறொன்றும் கேட்கவில்லை, பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இன்னொரு போட்டோ எடுத்தார்.

நிகில் என்னை ஓரமாக இழுத்துப்போனான். "ஆன்ட்டி, ப்ளீஸ், பூஜா வூஜான்னு ரிப்போர்ட்ல போட்டா சேட் கடுப்பாயிடுவார், ஆளுங்களும் கடுப்பாயிடுவாங்க. மாய்ஸ்சர்னு மட்டும் போடுங்க. ஆபரேட்டர் எர்ரர்னு முடிச்சிடலாம். ஸேஃப்."

"யாருக்குடா ஸேஃப்?" என்றேன். காரணம் என்கிற கட்டத்தில் என்ன தெளித்தேன் என்று எழுதி, பொறுப்பு என்கிற கட்டத்தில் என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு மெமோ வந்தது, இன்சார்ஜ் என்கிற வால் ஆறு மாசத்துக்குப் போயிற்று. ஜம்பு ஒரு மாசம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, சாமி காரியத்தைக் காட்டிக் கொடுத்தேனாம். நிகிலின் ஃபைலில் இருந்த லெட்டர் வெளியே வரவில்லை. இப்போது தேங்காய் கேட்டுக்கு வெளியே உடைகிறது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் நான் சாப்பிடப் போகாமல் காயலான் குவியலுக்குப் போனேன். ஜூனில் வந்த பேனல் அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஜூலைப் பேனல் மேலேயே கிடந்தது. பூரி இருந்த இடத்தில் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். அதே வெளிறின சிவப்பு, அதே பென்சில், இரண்டே வரி.

"இன்னைக்கு மேடத்துக்கிட்ட கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

அங்கேயே நின்று அழுதேன். ஐம்பதை எட்டப்போகிற பொம்பிளை, பழைய இரும்புக்கு நடுவில், மழையில். யாரோ வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் கரீம் பாய், கையில் குடை. என் கையிலிருந்த தகட்டைப் பார்த்துவிட்டுக் குடையை என் பக்கம் நீட்டினார்.

"யார் படிக்கணும்னு பாய் இதெல்லாம் எழுதினேள்?"

"யாரும் படிக்காண்டாம்னுதான் மேடம் அங்க எழுதுனேன்" என்றார்.

பிறகு மணியைப் பார்த்தார். ப்ரெஸ் மூடி முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் ஒரே குடையில் ஷெட்டுக்குத் திரும்பினோம்.